கலப்பைக் கிழங்கும் முழங்கால் வலியும்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. 30 வருடத்துக்கு மேலாக நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு என்றே காலம் போனது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே எடுத்துச் சொல்லிவிட்டார்கள். வேதாரண்யம் பக்கத்து உறவினர் ஒருவர் கண்வலிக் கிழங்கு போட்டிருக்கிறார். "மூட்டுவலி மாத்திரையே இந்த விதையிலிருந்துதான் வருகிறது, முழங்கால் தேய்மானத்துக்கும் கொடுத்துச் சோதிக்கிறார்கள்" என்று சொல்லி ஒரு கைப்பிடி விதை கொடுத்திருக்கிறார். இடித்துப் பொடியாக்கி அம்மாவுக்குக் கொடுக்கலாமா? எந்த அளவு கொடுக்க வேண்டும்?
– ஒரு வாசகர், சீர்காழி வட்டம்

பதில்: கொடுக்கவே கூடாது. சிட்டிகை அளவும் கூடாது. தேனில் குழைத்தும் கூடாது, எண்ணெயில் காய்ச்சி உள்ளுக்குக் கொடுக்கவும் கூடாது. அந்தக் கைப்பிடி விதையில் ஓர் உயிரை எடுக்கத் தேவையானதற்கு மேலேயே நஞ்சு இருக்கும். இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்த விதையை அடுப்படியிலிருந்தும் அஞ்சறைப் பெட்டி இருக்கும் இடத்திலிருந்தும் அப்புறப்படுத்துங்கள்.

உறவினர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்து என்பதால் மீதியையும் தெரிந்துகொள்வது நல்லது.

உண்மை எது?

கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்று பல பெயரில் சொல்லப்படுவது ஒரே கொடிதான். கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்று பெயர். அதன் பூவே செங்காந்தள், நம் மாநிலப் பூ. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் இதை மருந்துப் பயிராக வளர்க்கிறார்கள். விதையைத்தான் கம்பெனிகள் வாங்குகின்றன. காரணம், விதையில் கோல்ச்சிசின் என்ற பொருள் இருக்கிறது.

ஐரோப்பாவில் விளையும் கோல்ச்சிகம் என்ற வேறொரு செடியிலிருந்து 1820-இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர்கள் பெல்லெத்தியேவும் கவாந்துவும் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகத் தங்கி, திடீரென்று வீங்கிச் சிவந்து வலிக்கும் 'கவுட்' என்ற வாதத்துக்கு இது பழைய மருந்து. இன்றும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆகவே "மூட்டுவலி மாத்திரை இந்த விதையிலிருந்து வருகிறது" என்பது உண்மை. ஆனால் அம்மாவுக்கு இருப்பது கவுட் அல்ல, தேய்மானம். இரண்டும் வேறு வேறு நோய்.

மருந்தே நஞ்சாவது எப்படி?

கோல்ச்சிசின் மருத்துவமனைக்கு மட்டும் தெரிந்த பொருள் அல்ல. பயிர் இனப்பெருக்கத் துறையில் 1937-லிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. நாற்றின் குருத்தில் இதைத் தடவினால், பிரிய வேண்டிய செல் பிரியாமல் நின்றுவிடும். குரோமோசோம் மட்டும் இரண்டு மடங்காகும். இப்படி இரட்டிப்பாக்கிய செடியைச் சாதாரணச் செடியுடன் கலப்பு செய்துதான் விதையில்லாத தர்ப்பூசணியை உருவாக்கினார்கள்.

செல் பிரிவதைத் தடுக்கும் அதே குணம் மனித உடம்பிலும் வேலை செய்யும். மிகச் சிறிய அளவில் கொடுத்தால், வீங்கிய மூட்டை நோக்கி ஓடும் வெள்ளை அணுக்களின் வேகத்தை அடக்கி வீக்கத்தைக் குறைக்கும். அளவு கூடினால், நம் உடம்பில் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்க வேண்டிய செல்களை நிறுத்திவிடும். குடலின் உள்தோல், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை, முடியின் வேர் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள்.

அதனால்தான் இந்தக் கிழங்கையோ விதையையோ தின்றவர்களுக்கு முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இரண்டு மூன்று நாளில் ரத்த அணுக்கள் குறையும். சிறுநீரகம், கல்லீரல், இதயம் தளரும். பிழைத்து எழுந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்த நச்சால் பலர் இறந்திருக்கிறார்கள். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்களும் அதில் உண்டு. மருத்துவமனையில் உடனே கொடுத்து நஞ்சை முறிக்கும் மாற்று மருந்தும் இதற்குக் கிடையாது.

மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். ஒரு கிராமை 2,000 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. நகைக்கடைத் தராசாலும் அதை நிறுக்க முடியாது. விதையிலோ மண், மழை, முற்றிய பருவம் ஆகியவற்றைப் பொறுத்து மருந்தின் அளவு கொடிக்குக் கொடி மாறும். வறுத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு போய்விடும் என்று நம்பவே கூடாது. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து பயன்படுத்துகிறார்களே என்று கேட்கலாம். அது படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டியது, வீட்டில் செய்து பார்க்கக்கூடியது அல்ல.

பழைய மருந்தை ஏன் புதிதாகச் சோதிக்கிறார்கள்?

உறவினர் சொன்ன இரண்டாவது செய்தியும் உண்மை. முழங்கால் தேய்மானத்துக்குக் கோல்ச்சிசினைச் சோதித்திருக்கிறார்கள். தேய்ந்த குருத்தெலும்பை மறுபடி வளரவைக்கும் மருந்து எதுவும் இதுவரை ஒப்புதல் பெறவில்லை. புது மருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கப் பல வருடமும் பெரும் பணமும் ஆகும். ஏற்கனவே கடையில் இருக்கிற, பக்கவிளைவு தெரிந்த, விலை குறைந்த மருந்து வேறொரு நோய்க்கும் கேட்குமா என்று பார்ப்பது குறுக்கு வழி. தேய்ந்த மூட்டிலும் சிலருக்குப் படிகங்கள் தங்குகின்றன, வீக்கமும் இருக்கிறது. கவுட்டுக்குக் கேட்கும் மருந்து இதற்கும் கேட்கலாமே என்ற எண்ணம் இப்படித்தான் பிறந்தது.

கேட்கலாம் என்பது வேறு, கேட்கிறது என்பது வேறு. இது நெல் போடுகிறவர்களுக்குப் புரியாத விஷயம் அல்ல. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து இயங்குகிறது. அங்கே ஒரு புது இரகம் ஒரு பாத்தியில் நன்றாக விளைந்துவிட்டது என்பதற்காக உடனே விதை கொடுத்துவிட மாட்டார்கள். பக்கத்திலேயே ஏற்கனவே வழக்கத்தில் உள்ள இரகத்தையும் நடுவார்கள். அதே நாள் நடவு, அதே உரம், அதே தண்ணீர். ஒரே இடத்தில் நட்டால் மண் வளத்தால் ஏமாந்து போகலாம் என்று பல பாத்திகளில் மாற்றி மாற்றி நடுவார்கள். பிறகு பல ஊர் வயல்களில் பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் வெளியீடு.

மருந்துச் சோதனையும் அப்படியே. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து. இன்னொரு பிரிவுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது.

வெற்று மாத்திரை எதற்கு? முழங்கால் வலி ஏறி இறங்கும் வலி. சம்பா நடவு சமயத்தில் உச்சத்தில் இருக்கும். நடவு முடிந்து பத்து நாள் காலுக்கு ஓய்வு கிடைத்தால் தானாகவே குறையும். அந்தப் பத்து நாளும் எதையாவது சாப்பிட்டிருந்தால், குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று தோன்றும். அந்த மயக்கத்தைப் பிரித்துக் காட்டத்தான் வெற்று மாத்திரைப் பிரிவு.

சோதித்ததில் தெரிந்தது என்ன?

கோல்ச்சிசினை முழங்கால் தேய்மானத்துக்குச் சோதித்தவர்களில் நம் நாட்டு மருத்துவர்கள் முன்னோடிகள். லக்னோவின் கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் எஸ்.கே. தாஸ் குழுவினர் 2002-இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான வலி மருந்தோடு கோல்ச்சிசினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பலன் தெரிந்தது. ஆனால் ஒவ்வோர் ஆய்விலும் கலந்துகொண்டவர்கள் 40 பேருக்கும் குறைவு. ஒரு பாத்திச் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு சிங்கப்பூரில் 109 பேரை வைத்து 16 வாரம் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. வலி முதலியவை 30 சதவீதமாவது குறைந்தவர்கள் கோல்ச்சிசின் பிரிவில் 39 சதவீதம் பேர். வெற்று மாத்திரைப் பிரிவில் 49 சதவீதம் பேர். அதாவது மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தேறியிருக்கிறார்கள். மருந்தால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை.

கதை அத்துடன் முடியவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் இதய நோயாளிகள் 5,522 பேருக்கு, இதயத்துக்கு நல்லதா என்று பார்க்கத் தினம் அரை மில்லிகிராம் கோல்ச்சிசினோ வெற்று மாத்திரையோ கொடுத்திருந்தார்கள். அந்தக் கணக்கை மறுபடி புரட்டிப் பார்த்து 2023-இல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். அவர்களில் முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் கோல்ச்சிசின் பிரிவில் 2.5 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 3.5 சதவீதம். வித்தியாசம் சிறியதுதான், ஆனாலும் கவனிக்கத்தக்கது. நீண்ட நாள் சாப்பிட்டால் தேய்மானம் மெதுவாகுமோ என்ற கேள்வி இதனால் மறுபடி எழுந்திருக்கிறது. ஆனால் அது மூட்டுக்காக நடத்திய சோதனை அல்ல. பயறுக்குப் போட்ட உரம் அடுத்த நெல்லுக்கும் உதவியதுபோல் தெரிந்தால், நெல்லில் தனியாகச் சோதித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

சர்க்கரை மாத்திரையும் வரிசையில் உண்டு

பல வீடுகளில் இருக்கும் மெட்பார்மின் மாத்திரையையும் இதே போலச் சோதித்தார்கள். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு 2025-இல் முடிவை வெளியிட்டது. உடல் பருமனும் முழங்கால் தேய்மானமும் உள்ள 107 பேர், 6 மாதம். வலியை 0 முதல் 100 வரை மதிப்பெண்ணாகக் கேட்டதில், மெட்பார்மின் பிரிவில் சராசரியாக 31 புள்ளியும் வெற்று மாத்திரைப் பிரிவில் 19 புள்ளியும் குறைந்தன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் 107 பேர் என்பது சிறிய கணக்கு. அவர்கள் எல்லாரும் எடை கூடியவர்கள். சேற்றில் குனிந்து வேலை செய்து மெலிந்த உடம்புக்கு அதே பலன் கிடைக்குமா என்பதை அந்தச் சோதனை சொல்லவில்லை. அப்பாவின் சர்க்கரை மாத்திரையை அம்மாவுக்குக் கொடுப்பதோ, ஏற்கனவே சாப்பிடுகிறவர் தாமாக இன்னொன்று கூட்டிக்கொள்வதோ கூடாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மெட்பார்மினும் கோல்ச்சிசினும் கெடுதல் செய்யும். சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளுடன் சேர்ந்தால் கோல்ச்சிசின் சரியான அளவிலேயே நஞ்சாகிவிடும்.

அம்மாவுக்கு இப்போது என்ன செய்யலாம்?

பலன் தரும் என்று நன்றாகத் தெரிந்தவை சில உண்டு.

1. தொடைத் தசைக்குப் பயிற்சி. திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 எண்ணும் வரை பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, காலையும் மாலையும். தசை பலப்பட்டால் மூட்டின் சுமை குறையும். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். இரண்டு நாளில் விட்டுவிடக் கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி சொல்லித் தரும் ஏற்பாடும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

2. எடை கூடியிருந்தால் குறைக்க வேண்டும். உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. அம்மா மெலிந்தவராக இருந்தால் பட்டினி போட வேண்டாம். பருப்பு, முட்டை, மீன் சேர்த்துத் தசையைக் காக்க வேண்டும்.

3. வேலை முறையை மாற்ற வேண்டும். குந்தி உட்காரும் வேலைகளுக்கு முக்காலி அல்லது மணைக்குப் பதில் உயரமான ஸ்டூல். களைக்குக் குனிந்து கையால் பறிப்பதற்குப் பதில், வரிசை நடவு வயலில் நின்றபடி கோனோவீடர் தள்ளலாம். அதுவும் வலி குறைந்த நாளில், கொஞ்ச நேரம்தான். கழிப்பறையில் நாற்காலி வகை வைத்துக் கொடுத்தால் தினசரி வலி குறைய உதவும். கைத்தடி பிடிப்பதானால், வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும்.

4. வலி மருந்து. முதலில் மேலே தடவும் களிம்பு. அது போதாமல் மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு, குறைந்த நாளுக்கு மட்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். பெயர் அச்சிடாத பொட்டல மாத்திரையை, எவ்வளவு வேகமாக வலி நின்றாலும், வாங்கக் கூடாது. அப்படி நிற்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் ஸ்டீராய்டாக இருக்கலாம்.

5. மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, கால் மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, விழுந்தபின் ஊன்ற முடியாவிட்டாலோ தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேய்மானம் முற்றி எதற்கும் கேட்கவில்லை என்றால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதுவும் சேர்ந்தது.

சோதனைக்குக் கூப்பிட்டால்

நாளை ஏதாவது மருத்துவக் கல்லூரியில் இப்படிப்பட்ட சோதனைக்கு அம்மாவைக் கேட்டால் பயந்து ஓட வேண்டியதில்லை. இந்தியாவில் மருந்துச் சோதனைகளை 2009-லிருந்து அரசின் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். பதிவு எண் கேளுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகு கையெழுத்துப் போடலாம். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. இவை எதுவும் இல்லாமல் "புது மருந்து, சாப்பிட்டுப் பாருங்கள்" என்றால் மறுத்துவிடுங்கள்.

கண்வலிக் கிழங்கு பயிரிடுகிறவர்களுக்கு

இந்தப் பயிரில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்க வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வெற்றிலை போடவோ சாப்பிடவோ கூடாது. கிழங்கு தோண்டும்போதும் விதை உடைக்கும்போதும் கையுறை அவசியம். விதை மூட்டையும் நடவுக் கிழங்கும் சமையல் பொருள் இருக்கும் அறையில் இருக்கக் கூடாது. இஞ்சி, வள்ளிக்கிழங்கு வைத்த சாக்கில் கட்டக் கூடாது. பெயர் எழுதிக் கட்டி, பிள்ளைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். கால்நடைக்கும் இது நஞ்சுதான்.

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்து, மிச்சமிருக்கும் விதையையோ கிழங்கையோ கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போக வேண்டும். ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் போக வேண்டும்.

சீர்காழி வாசகருக்குக் கடைசியாக ஒன்று. அந்தக் கைப்பிடி விதையை உறவினரிடமே திருப்பிக் கொடுங்கள். அவருக்கு அது விலை போகும் சரக்கு, வீட்டில் வைத்துக்கொண்டால் உங்களுக்கு ஆபத்து. கொடுக்கும்போது இந்தப் பக்கத்தையும் அவரிடம் படித்துக் காட்டுங்கள். இதே விதையை இன்னும் எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். அந்த வீடுகளுக்கும் இன்றைக்கே தகவல் போக வேண்டும்.